பேஸ் கிட்டார் நெக்: ‘போச்சு’ என்று முடிவுகட்டும் முன்

தூத்துக்குடியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் 14 வருடமாக பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். கல்யாண வரவேற்புக் கச்சேரிகளுக்கும் போவதுண்டு. என்னிடம் இருப்பது ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் மாதிரியில் செய்த கிட்டார். செகண்ட் ஹேண்டில் 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய மூன்றாவது மாதம் நவம்பர் மழை பிடித்தது. தடித்த இ கம்பியில், கிட்டாரின் கழுத்தான நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளில் முதல் நான்கைந்தில் எங்கே அழுத்தினாலும் கம்பி உலோகத்தில் உரசி ‘ஸ்ர்ர்’ என்று இழுக்க ஆரம்பித்தது. கேரல் பவனிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்தவர் பாடியில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடில்கள் நான்கையும் ஏற்றிவிட்டார். உரசல் குறைந்தது. ஆனால் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி அவ்வளவு உயரத்தில் நின்றது, ஒரு பாட்டு முடிவதற்குள் இடது கை மரத்துப்போனது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். “நெக் போச்சும்மா, வேற கிட்டார் பாத்துக்கோங்க” என்றார்.

நெக் போகவில்லை. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை மொத்தம் அரைச் சுற்று தளர்த்தியதும் சரியாகிவிட்டது. அதே நெக்கில்தான் இன்றும் வாசிக்கிறேன்.

நெக் கோளாறு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு இடத்தில் சத்தம் காட்டும், வேறு விதத்தில் கண்ணுக்குத் தெரியும், வேறு வைத்தியம் கேட்கும். எது என்று தெரியாமல் கையில் ஆலன் கீயை (ராடைத் திருப்பும் ஆறுமுனைச் சாவி) எடுத்தால் நல்ல நெக்கையும் கெடுத்துவிடலாம். அதனால் பார்ப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். திருப்புவதற்கு ஒரு நிமிடம் போதும்.

நெக் ஏன் வளைகிறது

1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சின்னக் கட்டை) பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதாவது 864 மி.மீ., என்று வைத்தார். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதே நீளம்தான். இந்த நீளத்தில் நான்கு தடிமனான கம்பிகளைச் சுருதிக்கு இழுத்துக் கட்டும்போது மொத்தமாக ஏறக்குறைய 75 கிலோ இழுவை நெக்கின் மேல் விழுகிறது. மூன்று சிப்பம் அரிசியின் எடை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் மரத்தை அது இரவும் பகலும் முன்பக்கம் வளைக்கப் பார்க்கிறது.

அதை எதிர்த்துப் பிடிக்கத்தான் நெக்குக்குள்ளே ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1921-இல் விண்ணப்பித்து 1923-இல் காப்புரிமை பெற்றார். ராடை இறுக்கினால் நெக் பின்பக்கம் போகும். தளர்த்தினால் கம்பிகளின் இழுவை ஜெயித்து முன்பக்கம் வரும். இந்த இரண்டு பலமும் சமமாக நிற்கும் இடம்தான் நமக்கு வேண்டியது.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். எங்கள் ஊரில் கடல் காற்று, ஐப்பசி கார்த்திகை மழை, அப்புறம் சித்திரை வெயில் என்று மூன்று பருவத்துக்கும் மூன்று விதம். ஏசி அறையில் வைத்திருந்துவிட்டு வெளியே மேடைக்குக் கொண்டு போனால் ஒரே நாளில் இரண்டு பருவம். ஈரத்தில் எல்லா நெக்கும் ஒரே பக்கம் போவதில்லை. என்னுடையது மழைக்காலத்தில் பின்னால் போகும். எனக்கு முன் வைத்திருந்தவர் கோடையில் ராடை நன்றாக இறுக்கியிருந்தார். மழை வந்ததும் அந்த இறுக்கம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

நூல் பிடித்துப் பார்ப்பது

இதை எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் தெருவில் வல்லம் கட்டும் ஆசாரி மாமா. கிட்டாரை அவர் அதுவரை தொட்டதே இல்லை. திண்ணையில் வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். பாடியைத் தன் பாதத்தின் மேல் நிறுத்தி, கம்பிகளை முறுக்கும் தலையான ஹெட்ஸ்டாக் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடி, பலகை பார்ப்பது போல ஃப்ரெட்டுகளின் ஓரம் வழியாக நீளவாக்கில் பார்த்தார். முதலில் இ கம்பிப் பக்கம், அப்புறம் மெல்லிய ஜி கம்பிப் பக்கம்.

“நடு மேடா இருக்கு பிள்ள. ரெண்டு தலையும் பின்னால போயிருக்கு.”

சரிபார்க்க நூல் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

“நூல் எதுக்கு? இந்தா கம்பிதான் கெடக்கே, இழுத்துக் கட்டி. இதையே நூலா வச்சுக்கிட வேண்டியதுதானே.”

உலகம் முழுக்க கிட்டார் ரிப்பேர் செய்பவர்கள் செய்வதும் இதையேதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இழுத்துக் கட்டிய கம்பியைவிட நேரான கோடு உங்கள் வீட்டில் வேறு இருக்காது. செய்யும் முறை இது.

முதலில் கம்பிகளைச் சரியான சுருதிக்குக் கொண்டுவாருங்கள். தளர்ந்த கம்பியோடு பார்த்தால் பார்த்ததெல்லாம் வீண். அடுத்து, கிட்டாரை மடியில் வாசிக்கும் நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் மல்லாத்தினால் ஹெட்ஸ்டாக்கின் எடையே நெக்கைக் கொஞ்சம் வளைத்துவிடும். இ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலோ, கேப்போ என்ற கவ்வியைப் போட்டோ அழுத்துங்கள். வலது கையால் அதே கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது 7, 8-ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இதைத்தான் ரிலீஃப் என்கிறார்கள்.

கை நீளுமானால், அழுத்தியபடியே ஒரு விரலால் 8-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியை லேசாகத் தட்டுங்கள். ‘டிக்’ என்று சின்னச் சத்தம் வந்தால் இடைவெளி இருக்கிறது. சத்தமே வராமல் கம்பி ஏற்கெனவே ஃப்ரெட்டில் படுத்திருந்தால் நெக் ஒன்று முற்றிலும் நேராக இருக்கிறது, இல்லை பின்னால் வளைந்திருக்கிறது. என் கிட்டாரில் அன்று சத்தம் வரவில்லை. 4-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 11 வரைக்கும் கம்பி ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அளவாகச் சொல்ல வேண்டுமானால், ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ்களுக்கு, ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃபிங்கர்போர்டின் வளைவைப் பொறுத்து ஏறக்குறைய 0.25 முதல் 0.35 மி.மீ. வரை 8-ஆம் ஃப்ரெட்டில் இருக்கச் சொல்கிறது. ஒரு கெட்டியான விசிட்டிங் கார்டின் தடிமன் அந்த அளவுதான். கார்டு கம்பியை உயர்த்தாமல் உரசி நுழைந்தால் நல்லது. இன்னும் துல்லியம் வேண்டுமா, டூவீலர் மெக்கானிக் டேப்பெட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்பேர் கடையில் கிடைக்கும். நான் கிட்டாருக்கென்று வாங்கிய கருவிகளில் இதைப்போல் உழைத்தது வேறில்லை.

இதே அளவை ஜி கம்பியிலும் எடுத்து எழுதி வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 0.5, மறுபக்கம் சுத்தமாக இல்லை என்று வந்தால் அது வேறு விவகாரம், கடைசியில் சொல்கிறேன்.

சத்தம் எங்கே வருகிறது

கண்ணால் பார்த்ததைக் காதால் உறுதிப்படுத்துங்கள். ஆம்ப் போடாமல், நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக நிதானமாக வாசித்து, உரசும் இடங்களைத் தாளில் குறியுங்கள்.

விரல் வைக்காமல் வெறும் கம்பியைத் தட்டும்போது மட்டும் உரசினால் நெக்கை விட்டுவிடுங்கள், நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் உரசினால் ரிலீஃப் போதவில்லை, அல்லது பின்வளைவு. நடுவில் கம்பி உயரமாகி விரல் வலிக்கிறது, 12-க்கு மேல் போனால் உரசுகிறது என்றால் முன்வளைவு அதிகம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் உரசுகிறது என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. எங்கும் உரசவில்லை, ஆனால் ஓரிடத்தில் மட்டும் ஸ்வரம் சட்டென்று அணைந்துவிடுகிறது என்றால் அது நெக்கின் கோளாறே இல்லை. அதையும் கீழே சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அதற்காகவும் பலர் நெக்கை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள்.

ட்ரஸ் ராடைத் திருப்புவது

திருகு சில கிட்டாரில் ஹெட்ஸ்டாக்கில், நட்டுக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் நெக் பாடியோடு சேரும் முனையில். பழைய மாதிரி ஃபெண்டரில் நெக்கைக் கொஞ்சம் கழற்றித் தூக்கினால்தான் கை எட்டும். மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்றவற்றில் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் வெளியே தெரியும், அதன் துளையில் ஒரு சின்ன இரும்புக் குச்சியை நுழைத்துத் திருப்பலாம். ரிக்கன்பேக்கர் 4001-இல் ஒன்றுக்கு இரண்டு ராட் இருக்கும். உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவி அளவுதான் இங்கே பெரிய ஆபத்து. ஆசியாவில் செய்த கிட்டார்களில் பெரும்பாலும் 4 அல்லது 5 மி.மீ. ஆலன் கீ. அமெரிக்க வகைகளில் அங்குல அளவு: 1/8 அங்குலம் என்பது 3.18 மி.மீ., 3/16 என்பது 4.76 மி.மீ. 1/8 துளைக்குள் நம் ஊர் 3 மி.மீ. சாவி சுலபமாகப் போய் உட்காரும். சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். பலம் கொடுத்தவுடன் உள்ளே ஆறு முனையும் மழுங்கி, அதன் பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. சாவியை உள்ளே விட்டதும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது உங்கள் சாவி இல்லை. கிட்டார் பழையது என்றால் துளைக்குள் அடைந்திருக்கும் தூசியையும் மெழுகையும் முதலில் ஊசியால் எடுத்துவிடுங்கள்.

திருகை நேருக்கு நேர் பார்த்தபடி, கடிகார முள் போகும் திசையில் திருப்பினால் இறுகும்: முன்வளைவு குறையும். எதிர்ப்பக்கம் திருப்பினால் தளரும்: பின்வளைவு குறைந்து ரிலீஃப் வரும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். திருப்பியதும் சுருதி மாறியிருக்கும், மறுபடி சேருங்கள், மறுபடி அளந்து பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மறுநாள் காலை அளவெடுங்கள். மரம் சொன்னவுடன் கேட்பதில்லை, இரவில் மெதுவாக நகரும். என் கிட்டாரில் முதல் கால் சுற்றுக்கு ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. காலையில் பார்த்தால் 0.1 மி.மீ. இடைவெளி வந்திருந்தது. இரண்டாவது கால் சுற்றுக்கு அப்புறம், அடுத்த நாள், 0.3. அன்றைக்கே சேடில்களைப் பழைய உயரத்துக்கு இறக்கினேன்.

இறுக்கும்போது முரண்டு பிடித்தால் பலத்தை ராடிடம் காட்டாதீர்கள். கம்பிகளைத் தளர்த்தி, நெக்கின் நடுவை முழங்கால் மேல் வைத்து இரண்டு முனையையும் மெதுவாகப் பின்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டால், இன்னொருவர் திருகைச் சுலபமாகத் திருப்பிவிடலாம். வளைக்கும் வேலையைக் கை செய்ய வேண்டும். ராட் அந்த நிலையைப் பிடித்து வைத்தால் போதும்.

இரண்டு இடங்களில் ராட் கைவிடும். ஒன்று, முழுக்க இறுக்கிய பிறகும் நெக் முன்வளைந்தே இருப்பது. திருகு வெளியே கழன்று வரும் வகை என்றால் அதைக் கழற்றி, அடியில் ஒன்றிரண்டு சின்ன வாஷர் போட்டு மறுபடி மாட்டுங்கள். மரை தீர்ந்துபோனதால்தான் பல நேரம் இறுகாமல் நிற்கும், வாஷர் அதற்கு இடம் கொடுக்கும். மற்றொன்று, முழுக்கத் தளர்த்திய பிறகும் பின்வளைவு போகாதது. பழைய ஒற்றை வகை ராடுக்கு இறுக்க மட்டும்தான் தெரியும், முன்னால் தள்ளத் தெரியாது. அப்போது ஒரு படி தடிமனான கம்பி செட் போட்டுப் பாருங்கள், அதன் அதிக இழுவையே நெக்கை முன்னால் கொண்டுவரும். இப்போது வரும் கிட்டார்கள் பலவற்றில் இரட்டை வகை ராட். தளர்த்திக்கொண்டே போனால் நடுவில் ஓரிடத்தில் திருகு வெறுமனே சுற்றும், அதைத் தாண்டியதும் மறுபடி பிடித்து எதிர்ப்பக்கம் தள்ள ஆரம்பிக்கும். அந்த வெற்றுச் சுற்றைப் பார்த்து ராட் உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் எவ்வளவு திருப்பினாலும் எங்குமே பிடிக்கவில்லை என்றால்தான் உடைந்தது. ஃபிங்கர்போர்டைப் பெயர்த்தால்தான் ராடை மாற்ற முடியும், அதனால் விலை குறைந்த கிட்டாரில் அந்தச் செலவுக்கு வேறு நெக்கே வாங்கிவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்று சொல்ல வேண்டும். ராட் கம்பியின் உயரத்தைக் குறைக்கும் கருவி இல்லை. உயரம் அதிகமாக இருக்கிறதே என்று ராடை இறுக்குவதுதான் நான் பார்த்த பின்வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். முதலில் நெக்கை நேராக்குங்கள், அப்புறம் சேடிலில் உயரத்தை வையுங்கள். 17-ஆம் ஃப்ரெட்டில் இ கம்பிக்கு அடியில் 2.4, ஜி கம்பிக்கு அடியில் 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். பலமாகத் தட்டி வாசிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் உயரம் தேவைப்படும். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் தடித்த கம்பிகளை நல்ல உயரத்தில் வைத்துத்தான் வாசித்தார்.

ஒரு ஃப்ரெட் மட்டும் எழும்பினால்

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். வருடங்கள் போய்ச் சுருதி விலகினால் மெழுகை உருக்கி மொத்தத்தையும் புதிதாகப் பதித்துக்கொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரப்பள்ளத்தில் அடித்து இறக்கியது. மரம் ஈரத்தில் விரிந்து சுருங்கும்போது ஒரு முனை மெல்ல மேலே வந்துவிடும்.

ஏடிஎம் கார்டை வைத்தே கண்டுபிடிக்கலாம். மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் படும்படி கார்டின் விளிம்பை வைத்து ஆட்டுங்கள். நடு ஃப்ரெட் உயரமாக இருந்தால் கார்டு சீசா பலகை போல இரண்டு பக்கமும் ஆடும். பேஸின் ஃப்ரெட்டுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒரு சின்னச் சிக்கல்: முதல் ஃப்ரெட்டிலிருந்து மூன்றாவது வரை 89 மி.மீ., கார்டின் நீளமோ 85.6. அதனால் முதல் இடத்துக்கு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பு வேண்டும். இரண்டிலிருந்து நான்கு வரை 84, அங்கே கார்டு மட்டுமட்டாக எட்டும். 11-லிருந்து மேலே கார்டின் அகலப் பக்கமே போதும்.

எழும்பிய ஃப்ரெட்டை விரல் நகத்தால் அழுத்தினால் கீழே இறங்கி மறுபடி எழும்புகிறதா? அப்படியானால் அது பள்ளத்தில் உட்காரவில்லை. கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்குங்கள். நெக்குக்கு அடியில் அரிசி நிரப்பிய துணிப்பையைக் கொடுங்கள், வெறும் மேசையில் வைத்து அடிக்கக் கூடாது. ஃப்ரெட்டின் இரண்டு பக்கமும் மரத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். ஊசி முனையில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் எடுத்து ஃப்ரெட்டின் அடியில் வையுங்கள், அது தானே உள்ளே ஊர்ந்துவிடும். ஒரு மரத்துண்டை மேலே வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. மரத்துண்டை அப்படியே அழுத்திப் பிடித்து ஐந்து நிமிடம். என் கிட்டாரில் 9-ஆம் ஃப்ரெட் இப்படித்தான் அடங்கியது.

ஃப்ரெட் அசையவே இல்லை, நன்றாக உட்கார்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் கார்டு ஆடுகிறது என்றால் அராவ வேண்டியிருக்கும். அதைப் பழகிய கையிடம் கொடுங்கள். அராவி எடுத்த உலோகம் திரும்பி வராது. கடைசி நான்கைந்து ஃப்ரெட்டுகள் மொத்தமாக மேல்நோக்கி எழும்பியிருப்பதும் அதே கைக்குத்தான். நெக்கின் அந்த முனை பாடியில் இறுக்கப்பட்டிருக்கிறது, ராட் அங்கே ஒன்றும் செய்யாது. நீங்கள் மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போவதே அரிது என்றால், அதை அப்படியே விட்டு வாசிப்பதிலும் தவறில்லை.

நெக் நேர், கம்பி மட்டும் உயரம்

ரிலீஃப் சரி, சேடில்களை அடிவரை இறக்கியாயிற்று, அப்படியும் கம்பி உயரமாகவே நிற்கிறது. இங்கே நெக் வளையவில்லை, பாடியோடு சேரும் கோணம் தப்பு. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி நெக்கை எடுத்து, பள்ளத்தின் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் மெல்லிய துண்டு ஒன்றை அடியில் கொடுத்தால் நெக் கொஞ்சம் பின்னால் சாயும். அரை மி.மீ. துண்டு போதும், சேடிலை ஏறக்குறைய 2 மி.மீ. உயர்த்திக்கொள்ள இடம் கிடைக்கும். அட்டையும் வேலை செய்யும், ஆனால் நெடுநாளைக்கு என்றால் பள்ளம் முழுவதும் நிறையும்படி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த மரச் சீவலே நல்லது. எனக்கு ஆசாரி மாமா தேக்கில் சீவிக் கொடுத்தார்.

இதே ஸ்க்ரூக்கள் இன்னொரு கோளாறுக்கும் காரணம். இ கம்பியோ ஜி கம்பியோ ஃபிங்கர்போர்டின் ஓரத்தைவிட்டு வழுகி விழுகிறதென்றால் நெக் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். கம்பிகள் சுருதியில் இருக்கும்போதே ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, நெக்கை உரிய பக்கம் இழுத்துப் பிடித்து இறுக்கிவிடுங்கள்.

ஸ்வரம் அணைந்துபோகும் இடம்

ஜி கம்பியில் 5, 6, 7-ஆம் ஃப்ரெட் பக்கம் ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துப்போவதைப் பல பேஸ்களில் கேட்கலாம், விலை உயர்ந்தவற்றிலும்தான். நெக் தானாகவே அதிர விரும்பும் அலைவரிசை அந்த ஸ்வரத்தோடு ஒத்துப்போவதால் கம்பியின் பலத்தை நெக் குடித்துவிடுகிறது. ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன ஜி கிளாம்பை, துணி சுற்றி, மாட்டி வாசித்துப் பாருங்கள். எடை கூடியதும் அந்த இடம் நகர்ந்துவிடும். நீங்கள் அதிகம் வாசிக்காத ஒரு ஸ்வரத்துக்கு நகர்ந்தால் அப்படியே எடையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே போன நெக்

எங்கள் பாடகர் குழுவின் பழைய பேஸ் இரண்டு வருடம் உறையில்லாமல், ஜன்னல் ஓரத்தில், சுவரில் சாய்த்தபடி நின்றிருந்தது. இ கம்பிப் பக்கம் ரிலீஃப் 0.7 மி.மீ., ஜி கம்பிப் பக்கம் கம்பி படுத்துக் கிடந்தது. ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து பார்த்தபோது நட்டின் கோடும் கடைசி ஃப்ரெட்டின் கோடும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தன. பிழிந்த துணி போல நெக் முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ராட் நெக்கின் நடுவில் ஓடுவதால் ஒரு பக்கத்தை மட்டும் அதனால் சரிசெய்ய முடியாது. சூடு கொடுத்து, கிளாம்ப் போட்டு எதிர்ப்பக்கம் முறுக்கிப் பார்த்தோம். மூன்று வாரம் நன்றாக இருந்தது. நான்காவது வாரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. முறுக்கம் லேசாக இருந்தால் ஃபிங்கர்போர்டை இழைத்து ஃப்ரெட் மாற்றிப் பிழைக்க வைக்கலாம். இது அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. வேறு நெக் வாங்கினோம்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை: நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 432 மி.மீ. இருந்தால் அது 34 அங்குல நெக். பாடியில் உட்காரும் முனையின் அகலம், ஃபெண்டர் வகைக்கு 63.5 மி.மீ. நட்டின் அகலம், ஜாஸ் வகைக்கு 38 மி.மீ. பக்கம், பிரிசிஷனுக்கு இன்னும் அகலம். ஃப்ரெட் எண்ணிக்கை. ஃபிங்கர்போர்டு எங்களுக்கு ஈட்டி மரத்தில் கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டிதான் உலகமெங்கும் கிட்டார்களுக்குப் போகிறது. ஆசாரி மாமா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை.

புது நெக்கில் ஸ்க்ரூ துளை போடாமல் வந்தால் அவசரப்பட்டு டிரில்லை எடுக்காதீர்கள். நெக்கைப் பள்ளத்தில் வைத்து, கிளாம்பில் பிடித்து, நட்டின் இ பள்ளத்திலிருந்து பிரிட்ஜின் இ சேடிலுக்கும், ஜி பள்ளத்திலிருந்து ஜி சேடிலுக்கும் இரண்டு நூல் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு நூலும் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அது அமைந்த பிறகு பாடியின் துளை வழியாகப் புள்ளி வைத்து, அதே அச்சில் துளையிடுங்கள். ஸ்க்ரூவின் மரைக்கு நடுவில் இருக்கும் தண்டின் தடிமனுக்கு டிரில் பிட், எங்களுக்கு 3 மி.மீ. சரியாக இருந்தது. எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்குப் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஃபிங்கர்போர்டு வழியாக வெளியே வந்துவிடும். ஸ்க்ரூவை மெழுகுவத்தியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து இறக்குங்கள், மரம் வெடிக்காது. ஏற்கெனவே துளை இருந்து அது பொருந்தவில்லை என்றால் ஃபெவிகால் தடவிய மரக்குச்சியால் அடைத்து, ஒரு நாள் காயவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கம்பி போட்டுச் சுருதி சேர்த்ததும் ராடைத் தொடாமல் ஒரு இரவு வைத்திருந்தோம். காலையில் ரிலீஃப் 0.6 இருந்தது. கால் சுற்று இறுக்கினோம், மறுநாள் 0.4. ஒரு வாரம் கழித்து இன்னொரு அரைக்கால் சுற்று. இந்த அளவுகளையெல்லாம் தேதியோடு பெட்டியின் உள்மூடியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த வரி ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் எழுத வேண்டும்.